ஆக்சிமீட்டர்: 2020இல் வாங்கியதிலிருந்து பயன்படுத்திய அனுபவம்

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வீட்டில் வாங்கி வைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். வயதானவர்களோ மூச்சுக் கோளாறு உள்ளவர்களோ இருக்கும் வீடென்றால் கட்டாயம் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதோடு ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை நம்பி நிம்மதியாக இருக்கவும் முடியாது, பதறவும் தேவையில்லை. தினமும் ஒரே மாதிரி எடுத்து எழுதி வந்தால்தான் ஏதோ மாறுகிறது என்பது பிடிபடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பிடிபட்டது.

நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். அத்தை, மாமா, கணவர், நான், மகள், மகன். 2020 ஜூனில் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு போட்ட சமயத்தில், மாநகராட்சிக் களப்பணியாளர்கள் வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்ப்பார்கள். அவர்கள் கையில்தான் இந்தக் கிளிப்பை முதன்முதலில் பார்த்தேன். மாமாவுக்கு நாள்பட்ட இளைப்பு உண்டு. கொரோனாவில் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜன் இறங்கிவிடலாம் என்று அவரைப் பார்க்கும் மருத்துவர் சொன்னதும், அடுத்த மாதமே மருந்துக் கடையில் ஒன்று வாங்கிவிட்டோம். விலை 1,500 ரூபாய்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் குறையும். கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. மறுபக்கத்தில் ஓர் உணரி. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். தோலும் எலும்பும் நகமும் ஒளியை மறைக்கத்தான் செய்யும், ஆனால் இதயம் துடிக்கும்போதெல்லாம் கூடிக் குறைவது தமனி ரத்தம்தான். அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிடலாம் என்று 1970களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. உலகம் முழுக்க மருந்துக் கடைகளில் இந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். அந்தச் செய்தியை நான் தாமதமாகத்தான் படித்தேன். படித்த அன்று அவருக்கு மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

துடிப்பை வைத்துத்தான் கணக்கு என்பதால், துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் எண்ணும் சரியாக இருக்காது. விரல் ஜில்லென்று இருந்தால், கை ஆடினால், நகப்பூச்சு இருந்தால் எண் குழம்பும். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு 2021 மே மாதம் வந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. மாநிலத்தில் ஒரு நாளில் பதிவான தொற்று 36,000ஐத் தாண்டியது மே 21 அன்று. அந்த வாரத்தில்தான் அத்தைக்குக் காய்ச்சல் வந்து, சோதனையில் தொற்று உறுதியானது. குளியலறையோடு சேர்ந்த வாசல் பக்கத்து அறையை அவருக்கு ஒதுக்கினோம். மாமா பின்கட்டுக்குப் போனார். மற்றவர்கள் நடுவில்.

அந்த வாரம் வீடு ஓடிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. காலையில் பால் பாக்கெட்டைக் கழுவி அடுப்பில் வைப்பதற்கு முன்பே அத்தையின் கதவைத் தட்டி அளவு கேட்டுவிடுவேன். அப்புறம் இட்லி, எல்லாருக்கும் கபசுரக் குடிநீர். பிள்ளைகள் அந்தக் கசப்புக்கு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கேட்பார்கள். மகளுக்குக் கைப்பேசியில் டியூஷன், மகனுக்குக் கல்வித் தொலைக்காட்சி. கணவர் சாப்பாட்டு மேசையிலேயே அலுவலக வேலை. மே 24க்குப் பிறகு மளிகை, காய்கறிக் கடைகளும் மூடிவிட்டதால் வண்டியில் காய் வரும். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் மகன் முகக்கவசத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். மூன்று வேளையும் அத்தையின் தட்டை வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அவர் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார். அந்த ஸ்டூலில்தான் கிளிப்பும் வெப்பமானியும் இருந்தன. மாமாவுக்குத் தனியாக இன்னொரு கிளிப் வாங்கலாம் என்றால் கடைகளில் சரக்கே இல்லை. கிடைத்த இடத்தில் நாங்கள் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு சொன்னார்கள். மனிதர் மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் அப்படி விலை ஏற்றியதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் நாள் இரவே ஒரு கலக்கம். "எம்பத்தாறு காட்டுதும்மா" என்று அத்தை உள்ளிருந்து சொன்னார். கணவர் ஆம்புலன்ஸுக்கு எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அத்தை சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தார். "கிளிப்பை இந்தப் பக்கம் காட்டுங்க அத்தை" என்றேன். 98. தலைகீழாகப் பார்த்தால் 98தான் 86. பெரும்பாலான மாடல்களில் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினால் எண் திரும்பிக்கொள்ளும். எங்களுடையதிலும் அந்த வசதி இருந்தது. சதவீதக் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள் என்பதுதான் புதிதாக வாங்கும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது.

அதற்குப் பிறகு மருத்துவர் தொலைபேசியில் சொன்ன முறையை அப்படியே பின்பற்றினோம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மடியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே விரல். ஊரடங்கில் பேத்தி ஆசையாக இட்டுவிட்ட மருதாணி அத்தையின் இடது கையில் இருந்தது. எதற்கு வம்பு என்று வலது கை நடுவிரலையே வைத்துக்கொண்டோம். மாட்டியதும் முதலில் 90, 92 என்று எதையாவது காட்டும். துடிப்புக் கோடு சீராக ஓட ஆரம்பித்து, எண் ஓர் இடத்தில் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து அதை எழுத வேண்டும். அப்புறம் அறைக்குள்ளேயே நடந்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு நிமிட நடை, அத்தை வயதுக்கு மூன்று நிமிடம் போதும் என்றார் மருத்துவர். மகளின் பழைய ரஃப் நோட்டில் நேரம், காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போது, நடந்த பிறகு, நாடித்துடிப்பு என்று கோடு போட்டோம். எழுதும் பொறுப்பு மகளுக்கு.

உட்கார்ந்திருக்கும்போது எடுத்த எண் 98, 97, 96, 95 என்று நாளாக ஆக இறங்கியது. வீட்டுத் தனிமைக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்ன எல்லை 94. அதற்குக் கீழே அது ஒருபோதும் போகவில்லை. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நாங்கள் வீட்டிலேயே இருந்திருப்போம். நடந்த பிறகு எடுத்த வரிசையைப் பார்த்தால் கதை வேறு: 97, 96, 94, அப்புறம் ஒரு சாயங்காலம் 91. காய்ச்சல் விட்டிருந்தது, ரசம் சாதம் சாப்பிட்டார், பேச்சிலும் திணறல் இல்லை. நோட்டை மருத்துவருக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அவர் உடனே அழைத்து, விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார். படுக்கை கிடைக்கும்வரை குப்புறப் படுக்கச் சொன்னார். கழுத்துக்கு ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அப்படிப் படுத்த சிறிது நேரத்தில் எண் இரண்டு புள்ளி ஏறியதை அத்தையே கதவுக்கு அந்தப் பக்கமிருந்து உரக்கச் சொன்னார். அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்து, ஆக்சிஜன் கொடுத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் அங்கிருந்த மருத்துவர். என் மகளின் கிறுக்கல் கையெழுத்து நோட்டுதான் அந்த நேரத்தைச் சொன்னது.

இந்தக் கருவியின் பெரிய குறை ஒன்று நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை. தோலின் நிறம். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் நேரடியாக அளந்தபோது ஆக்சிஜன் 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் இது 3.6 சதவீதம். 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இதைப் பற்றி எச்சரித்தது. அதாவது கருத்த தோலில் எண் உள்ளதைவிட நன்றாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் மாமாவும் நானும் நல்ல கருப்பு. அதனால் எனக்கு இன்ன எண் என்பதைவிட, நான் நன்றாக இருக்கும் நாளில் காட்டும் எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். குடும்பத்தில் எல்லாருடைய வழக்கமான எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இதை எல்லா வீட்டிலும் செய்ய வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

கொரோனா அடங்கிய பிறகும் கருவி சும்மா இருக்கவில்லை. மார்கழிப் பனியில் மாமாவுக்கு இளைப்பு கூடும்போதெல்லாம் வெளியே வரும். அவருடைய வழக்கமான எண்ணே 94தான். அது 91க்கு வந்தால் மருத்துவருக்கு அழைப்பு. பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி இரண்டு. பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள், உள்ளேயே கசிந்தால் கம்பி அரித்துவிடும். உள்ளே இருக்கும் ரப்பரை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

போன குளிர்காலத்தில்தான் அது ஓய்வுக்கு வந்தது. ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது 97ஐக் காட்ட வேண்டிய 7 பாதியாக, மேல் வலது கோடு இல்லாமல் தெரிந்தது. கடைசி இலக்கத்தில் அந்தக் கோடு போனால் 8 என்பது 6 ஆகிவிடும், 9 என்பது 5 ஆகிவிடும். 7 போன்ற எண்கள்தான் காட்டிக்கொடுக்கும். அன்றே அதை ஒதுக்கிவிட்டோம். எண்களின் கோடுகள் முழுதாக இருக்கின்றனவா என்று பழைய கருவி வைத்திருப்பவர்கள் ஒருமுறை பாருங்கள்.

புதிதாக வாங்கியபோது விலை பாதியாகியிருந்தது. 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர், வெப்பமானி, ரத்த அழுத்தக் கருவி, நெபுலைசர், குளுக்கோமீட்டர் ஐந்துக்கும் வணிக லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. அது இரண்டு மாதம் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். கடையிலேயே மாட்டிப் பார்த்தேன். துடிப்புக் கோடு தெரிகிற மாடலாகத் தேர்ந்தெடுத்து, மணிக்கட்டில் நாடியைக் கடிகாரம் வைத்து எண்ணி, கருவி காட்டும் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து வாங்கினேன். மாமாவை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது புதியதையும் பையில் எடுத்துப் போகிறோம். அங்குள்ள கருவியில் ஒரு விரல், நம்முடையதில் பக்கத்து விரல். இதுவரை ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.