பசங்களோட பூண்டு: டம்ளரா, தொட்டியா, மண்ணா? அப்புறம் நசுக்கறதா, சுடறதா?

பசங்களோட சேர்ந்து ஏதாவது வளர்க்கணும்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு பூண்டுன்னுதான் சொல்வேன். சமையலறையில இருக்கிற பல்லுதான் விதை, தனியா எதுவும் வாங்க வேண்டாம், குட்டி விரலுக்கும் பிடிக்க வாகா இருக்கும். ஆனா எந்த வழியில வளர்க்கிறோம்ங்கிறத பொறுத்து அனுபவமே மாறிடும்.

முதல்ல தண்ணி டம்ளர். பல்லோட தட்டையான அடிப்பக்கம் மட்டும் தண்ணியத் தொடணும், முழுசா முங்கினா அழுகி நாத்தம் வந்துரும். தண்ணிய அடிக்கடி மாத்திட்டே இருந்தா போதும், கண்ணாடி வழியா வெள்ளை வெள்ளையா வேர் இறங்கறத நேராவே பார்க்கலாம். மூணு நாலு வயசுக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஆனா பல்லுக்குள்ள இருக்கிற சேமிப்ப வச்சுத்தான் தாள் வளருது, அதனால ஒரு தடவ ரெண்டு தடவ வெட்டினதும் நூல் மாதிரி மெலிஞ்சு ஓஞ்சு போயிரும்.

தொட்டி எனக்கு ரொம்பப் பிடிச்சது. கூர் முனை மேல பார்க்க, 2, 3 செ.மீ. ஆழத்துல நெருக்கமாவே ஊனலாம், ஏன்னா நமக்கு வேண்டியது தாள்தானே, கிழங்கு இல்லையே. ஒரு சாண் வளர்ந்ததும் அடியில கொஞ்சம் விட்டுட்டு பிள்ளைங்களையே கத்தரியால வெட்டச் சொல்லுங்க, முட்டையிலயோ சூப்லயோ தூவினா பூண்டு காரம் பிடிக்காத பிள்ளை கூட சாப்பிடும். இன்னொண்ணு, ஒரே ஒரு பல்ல வேணும்னே தலைகீழா ஊனி வைங்க. முளை கீழ போயி வளைஞ்சு திரும்பி மேல வரும், மத்ததவிட லேட்டா. தோண்டிப் பார்த்தா அந்த வளைவு அப்படியே தெரியும், அப்புறம் அவங்க கேக்கற கேள்விக்கு அளவே இருக்காது.

முழுப் பூண்டே வேணும்னா தோட்டத்து மண்ணுதான், இல்லன்னா நல்ல ஆழமான தொட்டி. 5 செ.மீ. ஆழம், பல்லுக்குப் பல்லு 10லிருந்து 15 செ.மீ. இடைவெளி. மாசக்கணக்குல ஆகும், குளிர்காலத்துக்கு முன்னாடியே ஊனுற ஊர்கள்ல எட்டு ஒம்பது மாசம் கூட ஆகும். பூண்டுக்கு நடுவுல குளிர் வேணும், அது கிடைக்கலன்னா பல் பிரியாம ஒரே உருண்டையா நின்னுரலாம். அதுவும் சாப்பிடலாம், தப்பில்ல. அவ்ளோ நாள் சின்னப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, எட்டு வயசுக்கு மேலன்னா தாராளமா இறங்கலாம், ஏன்னா அவங்களுக்கு எண்ணறதுக்கு வேலை இருக்கு: ஒவ்வொரு இலையும் பூண்டு மேல ஒரு உறையா இருக்கும். கீழ் இலைங்க காஞ்சு மேல இன்னும் பச்சையா இருக்கும்போதே பிடுங்கிரணும், எல்லாம் காயட்டும்னு விட்டா உறை மக்கி பல்லெல்லாம் பிரிஞ்சு கிடக்கும்.

சமையலுக்கு வந்தா, நசுக்கறதுல பாடம் அதிகம், சுடறதுல ருசி அதிகம். முழுப் பல்ல மோந்து பார்க்கச் சொல்லுங்க, வாசனை ஒண்ணும் பெருசா இருக்காது, நசுக்கினதும் குப்புனு வரும். உள்ள தனித்தனியா இருந்த அல்லின்னுங்கிற பொருளும் ஒரு என்சைமும் செல் உடைஞ்சதும் சேர்ந்து அல்லிசின் ஆகறதுதான் காரணம். ஆனா பச்சை விழுது தோல்ல ரொம்ப நேரம் இருந்தா புண்ணாக்கிரும், கண்ணுல கை வைக்கறதுக்கு முன்னாடி கழுவ வைங்க.

முழுப் பூண்ட தலைய சீவி எண்ணெய் விட்டு, ஃபாயில்ல சுத்தி 200 டிகிரி அவன்ல ஒரு 40 நிமிஷம் விட்டா கதையே வேற. சூடு அந்த என்சைம வேலை செய்ய விடாது, அதனால காரம் போயி இனிப்பா, வெண்ணெய் மாதிரி ஆயிரும். ஆறினதும் அவங்களே பிதுக்கி ரொட்டில தடவட்டும். முதல் தடவ சாப்பிடற பிள்ளைக்கு நான் இதத்தான் கொடுப்பேன், பச்சை பூண்டு வாசனை காட்டறதுக்கு மட்டும். மிச்சத்த எண்ணெயில போட்டு வெளிய வச்சிராதீங்க, பொட்டுலிசம்ங்கிற ஆபத்தான நோய வர வைக்கற விஷம் அதுல உருவாக வாய்ப்பிருக்கு. ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாள்ல காலி பண்ணிருங்க.

அறுவடை பண்ணினதுல பெரிய பல்லுங்கள மட்டும் சமையலுக்குப் போகாம பிள்ளைங்க கையாலயே எடுத்து வைக்கச் சொல்லுங்க, பெரிய பல் ஊனினாத்தான் அடுத்த பூண்டும் பெருசா வரும்.