‘3,500 கிலோ இழுக்கும்’ என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி

உள்ளேயே சமைத்துத் தங்கக்கூடிய பெரிய குடும்ப ட்ரெய்லரை இழுப்பதற்கென்றே வண்டி வாங்கப் போகிறவர்கள், இழுவைத் திறன் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். குடும்பத்தில் ஐந்து பேர் என்பதையும் இரட்டை அச்சு ட்ரெய்லரின் எடை விவரத்தையும் எழுத்தில் கொடுத்துத்தான் நாங்கள் வண்டி கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார் விற்பனையாளர். அவர் காட்டிய 3,500 கிலோ, கூடுதல் வசதிகள் இல்லாத அடிப்படை மாடலில் இரண்டு பேர் மட்டும் அமர்ந்திருக்கும் நிலைக்கு உரியது. எங்கள் தலையில் கட்டியதோ மூன்றாம் வரிசை இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரங்கள் எனச் சொந்த எடை கூடிய உயர் மாடல்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சிறிய ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 560 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, அதை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் வழியாக வண்டியின் பின்புறத்தில் அழுந்தும் என்பதையும், அந்த அழுத்தமும் இந்த 560 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பதையும் விற்பனை நிலையத்தில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எடை மேடையில் ஏற்றியபோது தண்ணீர், காஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் சேர்த்து ட்ரெய்லர் 3,100 கிலோ. ஹிட்ச்சில் மட்டும் 390 கிலோ. மிஞ்சிய 170 கிலோவில் ஐந்து பேர் எப்படி உட்காருவது?

முறையிட்டபோது கிடைத்த யோசனைகள் இன்னும் மோசம். சுமையைப் பகிரும் ஹிட்ச் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அது தாழ்ந்த பின்புறத்தை நிமிர்த்தி முன்சக்கரங்களுக்கு எடையைத் திருப்பித் தருமே தவிர, ஸ்டிக்கரில் உள்ள வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது. சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் ஏற்றச் சொன்னது அதைவிட ஆபத்தானது: ஹிட்ச் மீதான எடை அளவுக்கு மீறிக் குறைந்தால், வேகத்தில் ட்ரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடக்கூடும்.

அப்பட்டமான ஏமாற்று ஒன்றும் இதில் இருக்கிறது. பில்லில் இழுவை உபகரணத் தொகுப்பு என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் காட்டியது, வெளியே வாங்கிப் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு ஹிட்ச்சை மட்டுமே. அதன் தகட்டில் பொறித்திருந்த வரம்பு 2,270 கிலோ. கியர்பாக்ஸ் ஆயிலுக்கான கூடுதல் கூலர் இல்லை, ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரும் இல்லை, விளக்குகளுக்கான நான்கு முனை இணைப்போடு வேலையை முடித்திருந்தார்கள். நீண்ட ஏற்றங்களில் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு ஏன் எரிந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது கேட்டால், விளம்பரத்தாளின் அடியில் ‘உரிய உபகரணங்களுடன்’ என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுகிறார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், அதே மாடலின் இன்னொரு வண்டியை அல்ல, நீங்கள் ஓட்டிச் செல்லப்போகும் அந்த வண்டியின் கதவு ஸ்டிக்கரையும் ஹிட்ச் தகட்டையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கூலர், பிரேக் கன்ட்ரோலர், விளக்குகளோடு ட்ரெய்லர் பிரேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஏழு முனை இணைப்பு ஆகியவற்றைப் பில்லில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.