நிலைமின்னியல் கணக்குப் பயிற்சி: நோட்டுப் புத்தகமா, மொபைல் ஆப்பா?

ப்ளஸ் டூ இயற்பியலில் முதல் அலகே நிலைமின்னியல்தான், அதாவது ஓய்வில் இருக்கும் மின்னூட்டங்களைப் பற்றிய பாடம். மின்புலம், மின்னழுத்தம், மின்தேக்கி என்று சூத்திரங்கள் வரிசையாக வந்து நிற்கும், கணக்கை எதில் போட்டுப் பழகுவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். வீட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கும் அக்கா மகனுக்கும் இந்த வருடம் நான்தான் அதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்று, நோட்டில் முழுக்கணக்காகப் போடுவது. இன்னொன்று, நீட் பயிற்சி ஆப்பில் நான்கு விடை வினாக்களாகப் போட்டுத் தள்ளுவது. நான் நோட்டுப் பக்கம்தான் நின்றேன், இப்போதும் அப்படித்தான்.

ஆப்பில் கேள்விகள் ஏராளம், விடை உடனே தெரியும், பஸ்ஸில்கூடப் போடலாம். நோட்டில் போட நேரம் பிடிக்கும், திருத்த ஆள் வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: விடை தப்பினால் எந்த வரியில் தப்பியது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது.

ஓர் இணைத்தட்டு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேமிக்கும் இரண்டு இணையான தட்டுகள். தட்டின் பரப்பு 100 சதுர செ.மீ., இடைவெளி 1 மி.மீ., நடுவில் காற்று. மின்தேக்குத்திறன் 88.5 பிக்கோ ஃபாரட் வர வேண்டும். பாதிப் பேருக்கு 8.85 நானோ ஃபாரட் வரும், அதாவது சரியாக நூறு மடங்கு அதிகம். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி. 100 சதுர செ.மீ. என்றதும் நூறால் வகுத்து 1 சதுர மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அது 0.01 சதுர மீட்டர். நோட்டில் இது இரண்டாவது வரியிலேயே கண்ணில் படும், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டால் முடிந்தது. ஆப் 'தவறு' என்று காட்டிவிட்டுத் தன்னுடைய சரியான வழிமுறையைத் திறந்து வைக்கும், அதைப் படித்த பிள்ளை 'இது எனக்குத் தெரியுமே' என்று அடுத்த கேள்விக்குப் போய்விடும். தெரியும்தான், ஆனால் பரப்பை மாற்றும் அந்த ஒரு இடம் அப்படியே இருக்கும், அடுத்த மாதமும் அங்கேதான் சறுக்கும்.

அதைவிட மோசம், தப்பான யோசனையில் சரியான விடை வருவது. +2 மைக்ரோ கூலூம், −2 மைக்ரோ கூலூம், இடையில் 20 செ.மீ. நடுப்புள்ளியில் மின்னழுத்தம் என்ன? சுழி. 'எதிரெதிர் மின்துகள்கள், ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்' என்று நினைத்தவருக்கும் ஆப் பச்சை டிக் கொடுத்துவிடும். அதே ஆளிடம் அதே புள்ளியில் மின்புலம் கேளுங்கள், அதுவும் சுழி என்பார். இரண்டு அம்புக்குறி வரைந்து பார்த்தால் போதும்: நேர் மின்துகளின் புலம் அதை விட்டு விலகிப் போகும், எதிர் மின்துகளின் புலம் அதை நோக்கி வரும், ஆக இரண்டும் ஒரே பக்கம். ஒவ்வொன்றும் 1.8 × 10⁶, கூட்டினால் மீட்டருக்கு 3.6 × 10⁶ வோல்ட். இரண்டையும் நேர் மின்துகளாக மாற்றினால் தலைகீழ்: புலம் சுழி, மின்னழுத்தம் 3.6 × 10⁵ வோல்ட். இந்த நான்கு விடைகளையும் ஒரே பக்கத்தில் படத்தோடு போட்டவருக்கு ஸ்கேலர் (அளவு மட்டும் உள்ளது, மின்னழுத்தம் போல), வெக்டர் (திசையும் உள்ளது, மின்புலம் போல) வித்தியாசத்தைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

மின்தேக்கியில் இன்னொரு இடமும் உண்டு, அதை நான் விடாமல் போட வைப்பேன். 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை 100 வோல்ட்டுக்கு மின்னேற்றி, மின்காப்பு மாறிலி 5 உள்ள பொருளை, அதாவது மின்தேக்குத்திறனை 5 மடங்காக்கும் பொருளை, தட்டுகளுக்கு இடையில் முழுவதும் நிரப்புகிறோம். முதலில் ஆற்றல் 0.05 ஜூல். பேட்டரியைக் கழற்றிவிட்டு நிரப்பினால் மின்னூட்டம் மாறாது, மின்னழுத்தம் 20 வோல்ட்டாக இறங்கும், ஆற்றல் 0.01 ஜூல். பேட்டரி இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம் மாறாது, ஆற்றல் 0.25 ஜூல். நான்கு விடை வினாவில் இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் எங்கள் நோட்டில் முதல் வரி எப்போதும் 'எது மாறாது?' என்பதற்கான பதில், சூத்திரம் அதற்கு அப்புறம்தான்.

பொதுத்தேர்விலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும், சூத்திரம், பிரதியிடல், அலகு எல்லாவற்றையும் அங்கே எழுதித்தானே ஆக வேண்டும்.

ஆப்புக்கு உரியதையும் சொல்லிவிட வேண்டும். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள், அதில் இயற்பியல் 45, தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், கால்குலேட்டரும் கிடையாது. நோட்டில் மட்டுமே பழகிய பிள்ளை அங்கே கேள்விக்கேள்வி படம் போட்டுக்கொண்டிருந்தால் நேரம் ஓடிவிடும். எந்தக் கேள்வியை விட்டுத் தாண்டுவது என்ற கணிப்பு கடிகாரத்தை வைத்துப் பழகினால்தான் வரும், அதற்கு ஆப் நல்ல துணை. ஆகவே அலகை நோட்டில் முடித்த பிறகு, வாரம் ஒரு நாள் நேரம் குறித்து ஆப்பில் தேர்வு, தப்பிய கேள்விகள் மட்டும் திரும்ப நோட்டுக்கு வரும். தேர்வு நெருங்க நெருங்க ஆப்பின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

என்னிடம் படிப்பவர்கள் பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் தயாராகிறவர்கள். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதப் போகிறவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தத் தயாரிப்பை நான் அருகில் இருந்து பார்த்ததில்லை. திருத்திக் கொடுக்க வீட்டில் ஆளே இல்லாத பிள்ளைக்கு நோட்டு எவ்வளவு பலன் தரும் என்பதிலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஒரு கணக்கை நோட்டில் முழுதாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஆப்பின் விளக்கத்தைத் திறந்து, தங்கள் வரியையும் அதன் வரியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் வித்தியாசப்படும் வரியின் கீழே ஒரு கோடு போட்டு, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் சரி.