எம்கெட்டி: மணி அடித்தால் தானே எடுக்கும்

பரணில் இரண்டு பழைய 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) டயல்-அப் மோடம்கள் கிடந்தன, அவற்றை ஒன்றையொன்று போனில் கூப்பிட வைக்க வீட்டில் ஒரு சின்ன இன்டர்காம் பாக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் ஒரு மோடத்தைச் செருகி, விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப்பிலிருந்து இன்னொன்றால் டயல் செய்தால் அது எடுத்துப் பேசி இன்டர்நெட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதற்கு கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டியைப் போட்டேன், மோடத்துக்கு வரும் அழைப்பை எடுத்து லாகின் கேட்கும் லினக்ஸ் மென்பொருள் அது.

முதலில் அகெட்டியைத்தான் முயன்றேன். அதுவும் லாகின் கேட்கும் புரோகிராம்தான், ஏற்கெனவே கணினியில் இருப்பது, மோடத்துக்கு எஸ்0=1 என்று சொல்லிவிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடும். சிக்கல் என்னவென்றால் எடுப்பது மோடம், கம்ப்யூட்டர் இல்லை. லினக்ஸ் தொங்கி நின்றாலும் மோடம் பாட்டுக்கு எடுத்துக் கீச்சிடும், அந்தப் பக்கம் டயல் செய்தவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எம்கெட்டி மோடத்தைத் தானாக எடுக்க விடுவதில்லை. 'ரிங்' என்ற சொல் போர்ட்டில் வருகிறதா என்று காத்திருந்து, வந்ததும் தானே ஏடிஏ (எடு என்று சொல்லும்) கட்டளை அனுப்புகிறது. கம்ப்யூட்டர் செத்திருந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், அதுதானே நியாயம். அதே போர்ட்டை மினிகாம் என்ற டயல் செய்யும் புரோகிராம் வெளியே டயல் செய்யப் பிடித்துக்கொண்டால், போர்ட் பிடிபட்டிருக்கிறது என்று காட்டும் பூட்டு ஃபைலைப் பார்த்து எம்கெட்டி ஒதுங்கிக்கொள்கிறது. ஒரே மோடம், ஒரே லைன், இரண்டு வேலை. எனக்கு இது ஒன்றே போதும்.

நிறுவுவது எளிது, ஓட வைப்பதுதான் கொஞ்சம் இழுக்கும். இதன் கையேடு இனிட்டேப் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது எதை ஓட்டுவது என்று சொல்லும் பழைய ஃபைல்) காலத்து ஆள், அதில் ஒரு வரி சேர் என்கிறது. அந்த வேலையை சிஸ்டம்டி எடுத்துக்கொண்ட டெபியன்களில் அந்த ஃபைலே கிடையாது, சிஸ்டம்டிக்கான யூனிட் ஃபைல் ஒன்றை நாமே எழுதி, செத்தால் திரும்ப எழுப்பு என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் எம்கெட்டி.கான்ஃபிக்கில் வேகம் 115200, ஃபேக்ஸ் வேண்டாம் என்று சொல்ல 'டேட்டா-ஒன்லி யெஸ்'. ஃபேக்ஸ் வாங்கவும் இதற்குத் தெரியும், எனக்கு யார் அனுப்பப்போகிறார்கள்?

நான் ஒரு மணி நேரம் தொலைத்தது வேறு இடத்தில். கால் எடுத்தது, கனெக்ட் ஆனது, லாகின் கேட்ட இடத்தில் வளைவுக்கோடும் அடைப்புக்குறியுமாகக் குப்பை வந்து விழுந்தது. மோடம் கெட்டுவிட்டதென்று கேபிள் மாற்றி, லைன் மாற்றி, கடைசியில் எம்கெட்டி நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் அந்தக் குப்பைதான் பிபிபி, டயல்-அப்பில் இன்டர்நெட் பேசும் மொழி! விண்டோஸ் பெயர் கேட்கும்வரை பொறுப்பதில்லை, நேராகப் பேச ஆரம்பித்துவிடும். அதை அடையாளம் கண்டு லினக்ஸில் பிபிபி பேசும் புரோகிராமான பிபிபிடி-யிடம் தள்ளிவிட லாகின்.கான்ஃபிக்கில் ஆட்டோபிபிபி என்று ஒரு வரி இருக்கிறது, முன்னால் ஹேஷ் (#) போட்டு முடக்கி வைத்திருந்தார்கள். ஹேஷை எடுத்தேன், சரியாகிவிட்டது. பிபிபி ஆப்ஷன்ஸ் ஃபைலில் ப்ராக்ஸிஆர்ப் என்ற சொல்லைச் சேர்த்ததும் லேப்டாப் வீட்டு நெட்வொர்க்கிலேயே இருப்பதுபோல் ஆனது. லாக் இவ்வளவு விளக்கமாக எழுதும் மென்பொருள் குறைவு, முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

வேகம் பற்றி ஏமாற வேண்டாம். பெட்டியில் 56கே என்று போட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் அனலாக் மோடம் என்றால் உச்சம் 33.6கேதான், 56 கிடைக்க ஒரு முனை டிஜிட்டல் லைனில் இருக்க வேண்டும். இன்டர்காம் டோன் புரியாமல் லேப்டாப் பக்க மோடம் டயல் டோன் இல்லை என்று அடம்பிடித்தால், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும் ஏடிஎக்ஸ்3 கொடுங்கள். பழைய பிசிஐ கார்டு மோடம் சும்மா கிடைத்தாலும் யோசியுங்கள், பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் தலையில் கட்டும் வின்மோடமாக இருந்தால் எம்கெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது.

ராத்திரி யாரும் கூப்பிடக்கூடாது என்றால் ஈடிசி ஃபோல்டரில் நோலாகின்.டிடிஒய்எஸ்0 (டிடிஒய்எஸ்0 என்பது முதல் சீரியல் போர்ட்டின் பெயர்) என்று வெற்று ஃபைல் ஒன்றை வைத்தால் போதும், மணி அடித்தாலும் எடுக்காது. குறித்த நேரத்தில் வேலை செய்யும் கிரானில் போட்டு ராத்திரி 11 மணிக்கு வைத்து காலை 6 மணிக்கு அழிக்கிறேன். எடுக்கும்போது வரும் அந்தக் கீச்சை ஏடிஎம்0 போட்டு நிறுத்தலாம், நான் போடவில்லை.