12-ஆம் வேக டிஸ்க்கா, 6-ஆம் வேக டிஸ்க்கா? 75 மீட்டரில் மாட்டிக்கொண்டவனின் அலசல்

டிஸ்க் என்ற தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கால்ஃபில் என் எறி ஒன்றரை வருடம் 75 மீட்டர்தான். ஓடி வந்து எறிந்தாலும் 75, பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாலும் 75. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்ப் புதுக் கூடமே கட்டப் பார்த்தேன். இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற 12-ஆம் வேக டிஸ்க் ஒன்று வாங்கினேன். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் எறிய நான் பார்த்த டிஸ்க். அதை எறிந்தேன். 74 மீட்டர்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் பெரும்பாலும் லெப்பர்டு என்ற 6-ஆம் வேக டிஸ்க்கை மட்டும் எறிந்துகொண்டிருந்தேன். இப்போது காற்றில்லாத நாளில் 98 மீட்டர் வருகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த அலசல். நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

டிஸ்க்கின் மேல் இருக்கும் நாலு எண்களைப் பற்றிச் சுருக்கமாக: வேகம், கிளைடு (மிதக்கும் தன்மை), டர்ன் (வேகமாகப் போகும்போது திரும்புவது; மைனஸ் என்றால் வலப்பக்கம்), ஃபேட் (கடைசியில் இடப்பக்கம் சாய்வது). டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. முதல் எண்ணில்தான் பலரும் ஏமாறுகிறோம். 12 என்பது அந்த டிஸ்க் தரும் வேகம் இல்லை, அது நம்மிடம் கேட்கும் வேகம். அந்த வேகத்தை நாம் கொடுத்தால்தான் மற்ற மூன்று எண்களும் பலிக்கும். கொடுக்காவிட்டால் -1 என்ற டர்ன் காணாமல் போய், 3 என்ற ஃபேட் மட்டும் மிஞ்சும். அதாவது கிளம்பியவுடனே இடதுபக்கம் சாய்ந்து இறங்கிவிடும். (நான் வலக்கைக்காரன், பேக்ஹேண்ட், அதாவது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னால் வர எறிபவன். இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

வேகமான டிஸ்க்கின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983-இல் இன்னோவாவின் ஈகிள் வந்தபோதுதான் சரிவான, கூர்மையான விளிம்பு கொண்ட டிஸ்க் முதன்முதலில் களத்துக்கு வந்தது. அதன் பிறகு தூரம் எல்லாமே அந்த விளிம்பைச் சுற்றித்தான் வளர்ந்தது. விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் இருந்தால் காற்றின் தடை குறைகிறது, எறிந்த வேகம் மெதுவாகத்தான் செலவாகிறது. டெஸ்ட்ராயரின் விளிம்பு அகலம் 2.2 செ.மீ. விதிப்படி அனுமதிக்கப்படும் உச்சமே 2.6 செ.மீ.தான். ஆக, கையில் வேகம் இருந்து, எறியும் சுத்தமாக இருந்தால் 12-ஆம் வேக டிஸ்க் 6-ஐவிடத் தூரம் போகும். இதில் வாதமே இல்லை. 2016 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிரிம் என்ற ஊரில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தார். அங்கே காற்றும் பலமாகத் துணை நின்றது. அதை யாரும் லெப்பர்டால் முயல மாட்டார்கள்.

ஆனால் அந்த 'எறியும் சுத்தமாக இருந்தால்' என்ற இடத்தில்தான் கதையே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் டெக்டிஸ்க் வைத்திருந்தார். டிஸ்க்குக்குள் சென்சார் பொருத்தியது. வலையில் எறிந்தால் வேகம், சுழற்சி, ஏறு கோணம், சாய்வு, மூக்குக் கோணம் எல்லாவற்றையும் போனில் காட்டிவிடும். முதல் நாள் என் எண்ணைப் பார்த்தேன்: மணிக்கு 82 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 90 மீட்டரைத் தொட வேண்டும் என்றார் அவர். மீதி 15 மீட்டர் எங்கே போனது என்று கேட்டேன். கடைசி எண்ணைக் காட்டினார். மூக்கு: மேல்நோக்கி 6 பாகை.

மூக்கு என்றால் டிஸ்க் பறக்கும் திசையில் முன்னால் இருக்கும் விளிம்பு. இதை நான் வெகுநாள் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். மூக்கைத் தாழ்த்து என்றால் டிஸ்க்கைத் தரையை நோக்கி எறிவது என்று நினைத்தேன். அப்படி இல்லை. மூக்குக் கோணத்தைத் தரையை வைத்து அளப்பதில்லை, டிஸ்க் போகும் பாதையை வைத்துத்தான் அளக்கிறார்கள். 10 பாகை ஏற்றத்தில் எறிகிறோம், டிஸ்க்கும் அதே 10 பாகை ஏறி நிற்கிறது என்றால் மூக்குக் கோணம் பூஜ்யம். கத்திபோல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதே டிஸ்க் தரைக்கு இணையான பாதையில் 6 பாகை மூக்கைத் தூக்கிக்கொண்டு போனால், தன் வயிற்றையே காற்றுக்குக் காட்டுகிறது. எழும்பும், தயங்கும், நிற்கும், இடப்பக்கம் சரிந்து விழும். நான் ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஏன் இடப்பக்கம் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வலக்கைப் பேக்ஹேண்டில் டிஸ்க்கை மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றும். வேகமாக, தாழ்ந்த கோணத்தில் போகும்போது காற்றின் தூக்குவிசை மையத்துக்குச் சற்றுப் பின்னால் வேலை செய்கிறது. மூக்கை அமுக்கப் பார்க்கிறது. வேகம் குறைந்து கோணம் கூடும்போது விசை முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. சுற்றாத பொருளாக இருந்தால் மூக்கு நிஜமாகவே எழும்பிவிடும். சுற்றுகிற பொருளில் அந்த விளைவு கால் சுற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் தெரியும். அதனால்தான் முதலில் வலப்பக்கம் திரும்புவதும், கடைசியில் இடப்பக்கம் சாய்வதும். மூக்கைத் தூக்கியே எறிந்தால் அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்தே பயணத்தைத் தொடங்கிவைக்கிறோம்.

என் தீர்ப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்குகிறது. டெஸ்ட்ராயரை 82 கிலோமீட்டர் வேகத்தில், மூக்கைத் தூக்கி எறிந்தேன், இடப்பக்கம் விழுந்தது. மூக்கைக் கொஞ்சம் சரிசெய்து எறிந்தாலும் இடப்பக்கம்தான் விழுந்தது, என்ன, சில மீட்டர் தள்ளி. மணிக்கட்டை உருட்டினால்கூட அதே இடப்பக்கம். தப்பு எது, சரி எது என்று அந்த டிஸ்க் சொல்லவே மாட்டேன் என்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். 'இந்த டிஸ்க் அப்படித்தான்' என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் பலமாக எறிகிறோம். பலமாக எறியும்போது உடம்பு பின்னால் சாய்கிறது, மூக்கு இன்னும் எழும்புகிறது.

லெப்பர்டிடம் இந்தப் பாசாங்கு இல்லை. மூக்குத் தூக்கினால் மரத்தில் ஏறுகிற பூனைபோல் மேலே போய், வந்த வழியே இறங்கும். மணிக்கட்டை உருட்டினால் வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டு ஓடும். விடும்போது கை தடுமாறினால் தட்டு நடுங்குவது கண்ணுக்கே தெரியும். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் லேசாக வலப்பக்கம் திரும்பி, அப்படியே மிதந்து, கடைசியில் நேராகி இறங்கும். ஒரு மாலையில் நாற்பது எறி எறிந்தால் நாற்பது முறையும் என்ன நடந்தது என்று சொல்லிவிடும்.

சென்சார் இல்லாமலே மூக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டிஸ்க் உங்கள் தலை உயரத்தைத் தாண்டிய பிறகு பாருங்கள். நம்மைவிட உயரத்தில் போகிற தட்டின் அடிப்பக்கம்தான் நமக்குத் தெரிய வேண்டும். அந்த உயரத்திலும் மேல்பக்கத்து அச்சுப்படம் கண்ணில் பட்டால் மூக்கு தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் மஞ்சள் தட்டில் கறுப்புச் சிறுத்தை. அந்தச் சிறுத்தை வாரக்கணக்கில் என்னையே பார்த்துக்கொண்டு பறந்தது.

சரி, எப்படிக் குறைத்தேன்? மூன்று மாற்றங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் உதவியது. பிடி: டிஸ்க்கை உள்ளங்கை நடுவில் கிடத்தாமல், ஆயுள் ரேகையின் சரிவோடு ஒட்டிப் பிடித்தேன்; கட்டைவிரல் மேலிருந்து அழுத்தும். மணிக்கட்டு: ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு கீழே வளையுமே, அந்த வளைவைப் பின்னால் கை நீட்டும்போதே வைத்துக்கொண்டேன். இது அதிகம் உதவியது. மூன்றாவது, நெஞ்சை ஒட்டி இழுத்துவரும்போது பூட்டில் சாவியை வலப்பக்கம் திருப்புவதுபோல் முன்கையை லேசாகத் திருப்புவது. அது பிடிபட ஒன்றரை மாதம் ஆனது. நடுவில் டிஸ்க் கண்டபடி போய், எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்றிருந்தது.

மறுபடி அளந்தபோது வேகம் 88 கிலோமீட்டர், மூக்கு பூஜ்யத்துக்கு ஒரு பாகை இப்படி அப்படி. 6 கிலோமீட்டர் வேகமும் சும்மா வரவில்லை. முன்கால் ஊன்றும்போது முழங்கால் மடங்கி உடம்பு முன்னால் வழிந்துகொண்டிருந்தது. ஊன்றிய காலில் அணைபோட்டு இடுப்பைத் திருப்பக் கற்றேன். இதைக் கற்க ஓடிவந்து எறியவே கூடாது என்பது என் அனுபவம். இரண்டு மாதம் நின்ற இடத்தில் மட்டும் எறிந்தேன். இன்றைக்கும் நின்று எறிந்தால் 84 வருகிறது. காலுக்குப் பின்னால் கால் குறுக்கே வைத்து ஓடிவரும் எக்ஸ்-ஸ்டெப் போட்டு வந்தால் 98. ஓட்டம் தருவது அந்த 14 மீட்டரைத்தான். அதைத்தான் நான் முதல் வருடம் முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தேன்.

இலேசான டிஸ்க் என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தூரம் எறிவதற்கான வழக்கமான டிஸ்க் (டிரைவர்) 170 முதல் 175 கிராம். 150 கிராம் அளவிலும் கிடைக்கிறது. கை வேகம் குறைந்தவர்களுக்கும் சிறுவர்களுக்கும் நல்ல வழி. எனக்குக் காற்றில் அது சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் வகையெல்லாம் இந்தக் கட்டத்தில் பெரிய விஷயமே இல்லை, கையில் வழுக்காமல் இருந்தால் போதும்.

இன்னும் கீழே இறங்கி, கூடைக்கு அருகிலிருந்து எறியும் பட்டரிலேயே பழகுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். ஏவியார் போன்ற 2-ஆம் வேக டிஸ்க்கில் சில வாரம் பழகினேன். தடுமாற்றம் குறைந்தது உண்மை. ஆனால் தடித்த விளிம்பு மூக்குத் தப்பைக் கொஞ்சம் மன்னித்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது, அதனால் மறுபடி லெப்பர்டுக்கே வந்துவிட்டேன். இதை மற்றவர்களுக்கான விதியாகச் சொல்ல மாட்டேன். ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வர, பக்கவாட்டில் எறிவது) விஷயத்திலும் அப்படித்தான். நான் அதை அதிகம் எறிவதில்லை. ஆனால் என்னோடு ஆடும் ஃபோர்ஹேண்ட்காரர்கள் ஃபேட் அதிகமுள்ள வேகமான டிஸ்க்கைத்தான் விரும்புகிறார்கள். அகலமான விளிம்பில் விரல் நன்றாகப் பிடிக்கிறது, கை உருண்டாலும் கவிழாது என்கிறார்கள். நீங்கள் அந்த வகை என்றால் மேலே சொன்னதில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு அவர்களிடம் கேளுங்கள்.

டெஸ்ட்ராயர் இன்னும் பையில்தான் இருக்கிறது. எதிர்க்காற்றில் லெப்பர்டு தாங்காது. எதிர்க்காற்று என்பது டிஸ்க்குக்குக் கூடுதல் வேகம் மாதிரி, வலப்பக்கம் கவிழ்த்துவிடும். அங்கே டெஸ்ட்ராயரின் பிடிவாதமே பலம். இடப்பக்கம் வளையும் பாதைகளுக்கும் அதுதான்.

அடுத்து 9-ஆம் வேகத்துக்கு, வால்கிரி மாதிரி ஒன்றுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட அளவுகோல்: காற்றில்லாத நாளில் லெப்பர்டைத் தட்டையாகப் பத்து முறை எறிந்து, எட்டு முறையாவது வலப்பக்கம் போய், மறுபடி நேராக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஆறு வந்தது. ஏழாவதில் மறுபடி சிறுத்தையின் முகம் தெரிந்தது.