டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது என்று பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்: டாம்கேட் கண்காணிப்பில் நடந்த ஏமாற்று

டாம்கேட் (ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர்) கண்காணிப்பை வெளியாட்களிடம் ஆண்டு ஒப்பந்தத்தில் விடப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ப்ரோமிதியஸ் (அளவீடுகளைச் சேகரிப்பது), கிராஃபானா (அவற்றைக் கிராஃபாகக் காட்டுவது) அமைத்துக் கொடுத்த நிறுவனம் மாதாமாதம் அறிக்கை அனுப்பியது, எல்லாம் பச்சை. ஒருநாள் கோரிக்கைகளைக் கையாளும் 200 த்ரெட்டும் நிரம்பி லாகின் பக்கம்கூடத் திறக்கவில்லை. அப்போதும் ‘பிஸி த்ரெட்’ கோடு பூஜ்யத்திலேயே கிடந்தது. அலர்ட் ஒன்றும் வரவில்லை.

நடந்தது இதுதான். கனெக்டரை (டாம்கேட் கோரிக்கைகளை வாங்கும் வாசல்) 8080 போர்ட்டிலிருந்து எச்டிடிபிஎஸ் 8443-க்கு மாற்றினால், த்ரெட் கணக்கை வெளியே காட்டும் ‘த்ரெட்பூல் எம்பீன்’ என்ற ஜாவா பொருளின் பெயரும் மாறிவிடும். ‘எச்டிடிபி-என்ஐஓ-8080’ என்றிருந்தது ‘எச்டிடிபிஎஸ்-ஜேஎஸ்எஸ்இ-என்ஐஓ-8443’ ஆகும். எம்பீனைப் படித்து ப்ரோமிதியஸுக்குத் தரும் எக்ஸ்போர்ட்டரின் விதியில் பழைய பெயரே இருந்ததால் மெட்ரிக் (அளவீடு) வருவது நின்றுபோனது. பேனலில் ‘நோ டேட்டா’ வந்ததும் விதியைத் திருத்தியிருக்க வேண்டும். அவர்களோ குவெரியின் கடைசியில் ‘ஆர் வெக்டர்(0)’ என்று ஒட்டிவிட்டார்கள். இல்லாத அளவீடு பூஜ்யமாகத் தெரிந்தது. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன், பழுதைத் தெரிந்தே மூடியிருக்கிறார்கள். அலர்ட் ‘180-ஐத் தாண்டினால்’ என்றுதான் இருந்தது. தரவே வராதபோது ஒப்பிட ஒன்றுமில்லை, எனவே அது ஒருபோதும் அடிக்காது.

‘அப்’ மெட்ரிக் 1 காட்டுகிறதே என்று வாதாடுவார்கள். எக்ஸ்போர்ட்டர் பதில் சொன்னது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஜேஎம்எக்ஸ் (எம்பீன்களைப் படிக்க ஜாவா தரும் வசதி) எக்ஸ்போர்ட்டர் தனி ப்ராசஸாக ஓடினால், டாம்கேட்டே செத்துக் கிடந்தாலும் ‘அப்’ 1-ஆகவே இருக்கும்; ‘ஜேஎம்எக்ஸ் ஸ்க்ரேப் எரர்’ மட்டும் 1 ஆகும். அதற்குத் தனி அலர்ட் வேண்டும். எம்பீன் பெயர் மாறிய பழுதில் இந்த எரரும் 0-தான். அங்கே, மெட்ரிக் அடியோடு இல்லாவிட்டால் அடிக்கும் ‘அப்செண்ட்’ வைக்கச் சொல்வார்கள். நான்கு சர்வரில் ஒன்றின் மெட்ரிக் மட்டும் காணாமல் போனால் அது வாய் திறக்காது. ‘அப் == 1’ எழுதி, ‘அன்லெஸ் ஆன்(இன்ஸ்டன்ஸ்)’ போட்டு பிஸி த்ரெட் மெட்ரிக்கைச் சேர்த்தால் எந்தச் சர்வர் விடுபட்டது என்று பெயரோடு வரும்.

இதைவிட ஆபத்தான வேலை ஒன்றும் செய்திருந்தார்கள். ஜேஎம்எக்ஸ் போர்ட்டுக்கு முதல் இணைப்பு போனதும், ஆர்எம்ஐ (ஜாவா நிரல்கள் நெட்வொர்க்கில் பேசும் முறை) வேறொரு போர்ட்டுக்குத் திருப்பும். ஆர்எம்ஐ போர்ட்டைக் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது மாறும், ஃபயர்வாலில் சிக்கும். அதற்கு 1024 முதல் 65535 வரை திறந்துவிட்டு, ‘அத்தெண்டிகேட்’டையும் எஸ்எஸ்எல்லையும் ‘ஃபால்ஸ்’ ஆக்கியிருந்தார்கள். பாஸ்வேர்டு இல்லாத ஜேஎம்எக்ஸ் வழியாக வெளியாள் சர்வரில் தன் கோடையே ஓட்டலாம். உங்கள் சர்வரில் இப்படி இருந்தால் இன்றைக்கே மூடுங்கள். இரண்டு போர்ட்டுக்கும் 9010 என ஒரே எண்ணைக் கொடுத்து, ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேமில் எக்ஸ்போர்ட்டர் ஓடும் மெஷினிலிருந்து எட்டக்கூடிய ஐபியைப் போட்டால் ஒரே போர்ட் போதும். பாஸ்வேர்டு ஃபைலை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 பெர்மிஷன் கொடுங்கள், மற்றவர்களும் படிக்க முடிந்தால் டாம்கேட்டை ஓட்டும் ஜேவிஎம் கிளம்பாது. இவற்றை, டாம்கேட் கிளம்பும்போது மட்டும் பயன்படும் ‘கேட்டலினா ஆப்ட்ஸ்’-இல் எழுதுங்கள். ‘ஜாவா ஆப்ட்ஸ்’-இல் போட்டால் ஷட்டவுன் கட்டளையும் அதே போர்ட்டைப் பிடிக்கப் பார்த்து ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று விழும். எக்ஸ்போர்ட்டரை ஜாவா ஏஜெண்டாக டாம்கேட்டுக்குள்ளேயே ஓட்டினால் ஆர்எம்ஐ தொல்லையே கிடையாது.

கிராஃபில் அங்கங்கே இடைவெளி விழுந்ததற்கு நெட்வொர்க் என்றார்கள். ‘ஸ்க்ரேப் டியூரேஷன்’ (ஒரு தடவை அளவீடுகளை அள்ள ஆகும் நேரம்) பார்த்தால் 10 விநாடியை ஒட்டி நின்றது, ப்ரோமிதியஸின் இயல்பான டைம்அவுட் அதுவே. எல்லா எம்பீனையும் அள்ளாமல் தேவையானதை மட்டும் ‘இன்க்ளூட் ஆப்ஜெக்ட் நேம்ஸ்’-இல் போட்டால் நேரம் இறங்கும்.

பில்லுக்கு முன் ஸ்டேஜிங்கில் (சோதனைச் சர்வரில்) அவர்கள் கண்ணெதிரே கனெக்டர் போர்ட்டை மாற்றி ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அலர்ட் விதியில் வைத்த நிமிடக் கணக்குக்குள் உங்கள் போனுக்கு அலர்ட் வர வேண்டும். டாஷ்போர்டின் ஜேசன் ஃபைலை வாங்கி ‘வெக்டர்(0)’ என்று தேடுங்கள். எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஏன் போட்டார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.