ப்ரீஃபேப் வீட்டுக் கிட்: லாரி கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

சொந்த மனை இருக்கிறது, ப்ரீஃபேப் கிட் (தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் தூண், சுவர், கூரைப் பாகங்கள்; மனையில் பூட்டி நிறுத்த வேண்டும்) வாங்கி முதல் வீட்டைச் சீக்கிரம் எழுப்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிட் வீடே ஆகாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908 முதல் 1940 வரை தபால் வழியாகவே கிட் வீடுகளை விற்றது. அவற்றில் பல இன்றும் ஆள் குடியிருக்கும் வீடுகள். ஆக முறையில் கோளாறு இல்லை. எனக்கு விற்ற நிறுவனம் செய்த வேலைதான் கோளாறு. பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது.

கிட் விலையில் என்னென்ன அடங்காது என்பது கொஞ்சம் விசாரித்தாலே தெரிந்துவிடும். மண் பரிசோதனை, அஸ்திவாரம், கிரேன், வயரிங், பிளம்பிங், செப்டிக் டேங்க், கட்டட அனுமதி எல்லாம் நம் செலவு. அது ஒப்பந்தத்திலேயே இருந்தது, அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் ஆங்கர் போல்ட்டில், அதாவது தூணைப் பிணைக்க அஸ்திவாரக் கான்கிரீட்டில் பதிக்கும் போல்ட்டில் ஆரம்பிக்கிறது. அஸ்திவாரம் நம் பொறுப்பு, அதற்கு மேலே நிற்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு என்பது ஏற்பாடு. தூண்கள் எங்கே வரும், ஒவ்வொரு தூணுக்கும் போல்ட் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்கள் டிராயிங் அனுப்புவார்கள். அதன்படி போல்ட்டுகளை நிறுத்திவிட்டுத்தான் கான்கிரீட் போட வேண்டும். எங்கள் மேஸ்திரி இதில் கறார். பிளைவுட்டில் அச்சு வெட்டி, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்த பிறகுதான் கான்கிரீட்டை இறக்கவிட்டார்.

லாரி வந்தது. ஒப்பந்தப்படி 40 சதவீதம் அட்வான்ஸ், 50 சதவீதம் அனுப்பும் முன், மீதி 10 சதவீதம் இறக்கும்போது. அந்தப் பத்தும் வந்து சேர்ந்தால்தான் கயிற்றை அவிழ்ப்போம் என்று நின்றார்கள். கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் தகராறு பண்ணுவார்கள்? பணம் போனது, சரக்கு இறங்கியது. அப்புறம் முதல் தூணைத் தூக்கி நிறுத்தினால், அதன் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் (பேஸ் பிளேட்) துளைக்குள் போல்ட் போகவில்லை. 25 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. போல்ட் 16 மில்லிமீட்டர், துளை 18. தட்டிக்கொட்டிச் சேர்க்கிற வித்தியாசமா அது?

அவர்களுடைய சூப்பர்வைசர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “உங்க மேஸ்திரி தப்பா வெச்சுட்டார் சார்” என்றார். மேஸ்திரி பதில் பேசாமல் டேப்பை எடுத்து, எங்களிடம் இருந்த டிராயிங்கை விரித்து, ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சூப்பர்வைசர் கையில் இருந்த டிராயிங்கை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்களுடையதில் வலது கீழ் மூலைக் கட்டத்தில் ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) 1. அவருடையதில் ரிவிஷன் 3. இரண்டாவதும் மூன்றாவதும் எங்களுக்கு வரவே இல்லை.

எதற்காக மாற்றினார்கள் என்று தேடியபோதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. சுவர் பேனல், அதாவது இரண்டு ஷீட்டுக்கு நடுவே ஃபோம் வைத்த பலகை, 100 மில்லிமீட்டர் தடிமன் என்று பேசியிருந்தோம். ரிவிஷன் 3-இல் அது 75. வீட்டின் வெளியளவை அப்படியே வைத்துக்கொண்டு சுவரை மெலிதாக்கினால், உள்ளே ஒட்டி நிற்கும் தூண் அந்த 25 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகரத்தான் செய்யும். போல்ட் மட்டும் பொருந்தியிருந்தால் சுவர் மெலிந்தது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

கேட்டால், “தடிமன் குறைவு, ஆனா அடர்த்தி அதிகம், அதனால ஒண்ணுதான்” என்று விளக்கம். ஒன்றல்ல. உள்ளே இருக்கும் ஃபோம் அதே வகை என்றால் வெப்பத்தைத் தடுக்கும் திறன் தடிமனைப் பொறுத்தது. 100 போய் 75 வந்தால் கால் பங்கு குறைந்துவிடும். அடர்த்தியையும் பார்த்துவிடலாம் என்று, ஜன்னலுக்காக வெட்டியெடுத்த பேனலிலிருந்து ஷீட்டை உரித்துவிட்டு ஃபோமை எடை போட்டோம். கன மீட்டருக்கு 40 கிலோ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதாவது ஒரு லிட்டர் அளவுள்ள துண்டு 40 கிராம் இருக்க வேண்டும். அதுவும் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

சரி, தூணை எப்படி நிறுத்துவது? கேஸ் கட்டரால் துளையை நீளமாக்கிவிடலாம் என்றார் சூப்பர்வைசர். நாங்கள் தனியாக அழைத்துவந்த கட்டமைப்புப் பொறியாளர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துளையின் விளிம்பும் கெட்டுவிடும். கான்கிரீட்டில் புதிதாகத் துளைபோட்டு, பசை வைத்துப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் போல்ட் வைக்கலாமா என்றால், பழைய போல்ட் பக்கத்திலேயே நிற்கிறது, கான்கிரீட்டின் ஓரமும் நெருங்கிவிட்டது, அங்கே பிடிப்பை நம்ப முடியாது என்றார். கடைசியில் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தபடி, எல்லாத் தூணுக்கும் பெரிய பேஸ் பிளேட் செய்து மாற்றினோம். செலவு எங்களுடையது.

இந்த இழுபறிக்கு நடுவே மழை. பிளாஸ்டிக் சுற்றி அடுக்கியிருந்த கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) இரும்புச் சேனல்களுக்கு இடையில் தண்ணீர் புகுந்து, காற்றுப் படாமல் தேங்கி, பிரித்தபோது சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் துரு. ‘பாதுகாத்து வைக்காதது வாடிக்கையாளர் தவறு, வாரண்டி செல்லாது’ என்று மறுநாளே மெயில் வந்தது. டிராயிங்கை அனுப்பாதவர்கள் இதை மட்டும் சுறுசுறுப்பாக அனுப்பினார்கள்.

இன்னொரு சில்லறைத் தந்திரம்: கூரை ஷீட் 0.5 மில்லிமீட்டர் என்றால் எது 0.5 என்று கேளுங்கள். வெறும் இரும்பா, பூச்சும் பெயிண்டும் சேர்த்தா? இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் என்றால் அதுவே சுமார் 0.04 மில்லிமீட்டர் வரும். அதற்கு மேல் பெயிண்ட். மைக்ரோமீட்டரில் 0.5 காட்டும், இரும்பு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது பணத்தைப் பற்றித்தான். கடைசி 10 சதவீதம் இறக்கும்போது இல்லை, ஃபிரேம் நின்று, பேனல் மாட்டி, கூரையில் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு என்று எழுத வையுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். டிராயிங்கின் ரிவிஷன் எண்ணை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு, உங்கள் கையெழுத்து இல்லாமல் அது மாறக்கூடாது என்றும் சேருங்கள். கான்கிரீட் போடும் முன் ‘இதுதான் இறுதி டிராயிங்’ என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். போல்ட் அளவுகளை டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் புகாரில் இன்று வலுவாக நிற்பது மேஸ்திரியின் உதவியாளர் போனில் எடுத்து வைத்திருந்த அந்தப் படங்கள்தான்.

அப்புறம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘தரத்தில் சமமான மாற்றுப் பொருளை நிறுவனம் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எங்களுக்கு 75 மில்லிமீட்டர் சுவர் வந்ததற்கு அவர்கள் இப்போது காட்டும் ஆதாரமே அந்த வரிதான். அதை அடித்துவிட்டு, இரண்டு தரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.